விரல் வளையம் யாருக்குப் பதில் சொல்கிறது?

கோலாலம்பூரில் சத்துமாத்திரை விற்கும் கூட்டங்களுக்குப் போய் வந்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். ஓர் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, புட்டியை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்து, கண்ணை மூடி நிற்கிறார். ஐந்தாறு வினாடி போகிறது. உடம்பு மெல்ல முன்னால் நகர்கிறது, கால் பெருவிரல்கள் தரையைப் பற்றிக்கொள்கின்றன. “முன்னுக்குச் சாயுதுக்கா, ஒங்க ஒடம்பு கேக்குது” என்கிறார் பக்கத்தில் நிற்பவர். அடுத்த புட்டிக்குப் பின்னால் சாய்ந்தால் அது வேண்டாமாம். யாரும் அக்காவைத் தள்ளவில்லை, அக்காவும் நடிக்கவில்லை. சாய்ந்தது நிஜம். எதனால் சாய்ந்தார் என்பதில்தான் வழக்கே.

மசில் டெஸ்ட், விரல் டெஸ்ட், கினீசியாலஜி என்று பல பெயரில் சொல்லித் தரப்படும் சுயதசைச் சோதனையின் அடிப்படை ஒன்றுதான். உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் பொருளைத் தொட்டால், அல்லது உண்மையைச் சொன்னால், தசை உறுதியாக நிற்கும். ஒத்துக்கொள்ளாததற்கும் பொய்க்கும் தளர்ந்துவிடும். இன்னொருவர் கையை அழுத்திப் பார்ப்பது பழைய முறை. ஆள் துணையில்லாமல் தன்னையே சோதித்துக்கொள்வது அதிலிருந்து பிரிந்த கிளை.

செய்முறை எளிது. அதிகம் புழங்குவது விரல் வளையம். வலக்கைக்காரர் என்றால் இடக்கையின் கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து ஒரு வளையம் செய்துகொள்வார். சுண்டுவிரலுக்குப் பதில் ஆள்காட்டி விரலை வைப்பவர்களும் உண்டு. வலக்கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிள்ளுவதுபோல் சேர்த்து அந்த வளையத்துக்குள் நுழைத்து, கிளி அலகைத் திறப்பதுபோல் விரிக்க வேண்டும். வளையம் தாங்கினால் ‘ஆம்’, பிரிந்தால் ‘இல்லை’. இரண்டு கையிலும் வளையம் செய்து சங்கிலிக் கண்ணிபோல் கோத்து இழுப்பது இதன் மாற்று வடிவம். எல்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்து நிற்பவர்கூட மறு கையால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆள்காட்டி விரலை நேராக நீட்டி, அதன் நகத்தின்மேல் நடுவிரலை வைத்து அழுத்த வேண்டும், ஆள்காட்டி விரல் தணிந்தால் ‘இல்லை’. உட்கார்ந்த நிலையில் ஒரு கையை முன்னால் நீட்டி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே மறு கையின் இரண்டு விரலால் அழுத்துவது இன்னொரு வகை. மேலே பார்த்த சாய்வுச் சோதனைக்குக் காலைத் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலைப் பூட்டாமல் நிற்கச் சொல்வார்கள்.

எந்த வகையானாலும் முதல் பாடம் ‘சரிபார்ப்பு’. “என் பெயர் மீனா” என்று சொல்லி விரித்தால் வளையம் தாங்கும். “என் பெயர் முனுசாமி” என்றால் பிரியும். இதை இருபது முப்பது தடவை பழகி, ஆமுக்கும் இல்லைக்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெளிவாகப் பிடிபட்டதும், “இந்த மாத்திரை எனக்குச் சேருமா?” என்று அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்பார்கள்.

பாடத்தின் ஓட்டை இந்த இடத்திலேயே இருக்கிறது. தன் பெயர் மீனா என்பது மீனாவுக்குத் தெரியும். தெரிந்த விடையை விரல் சரியாகச் சொன்னதென்றால், மூளைக்குத் தெரிந்தது விரலுக்கு இறங்கியது என்பதுதான் நிரூபணமாகிறது. மூளைக்குத் தெரியாத ஒன்றை, உதாரணமாக ரத்தத்தில் துத்தநாகம் குறைவா என்பதை, விரல் அறியும் என்பதற்கு இதில் சான்றே இல்லை. தெரிந்த கேள்வியை எத்தனை நூறு தடவை பழகினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. பழகப் பழக நம்பிக்கை மட்டும் கூடிக்கொண்டே போகும்.

தசையை அழுத்திச் சோதிப்பது மருத்துவத்துக்குப் புதிதில்லை. போலியோ காலத்தில் எந்தத் தசை எவ்வளவு இழந்தது என்று அளக்க வேண்டியிருந்தது. பாஸ்டன் எலும்பு மருத்துவர் ராபர்ட் லவெட் 1910களில் அதற்கு ஒரு தர வரிசை வகுத்தார். பிரிட்டனில் 1943-ல் வந்த 0 முதல் 5 வரையிலான மதிப்பீட்டைத்தான் இன்றும் மருத்துவமனைகளில் எழுதுகிறார்கள். துடிப்பே இல்லாவிட்டால் 0, புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிந்தால் 3, முழு பலம் என்றால் 5. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் செய்யச் சொல்வதும் நிஜமான மருத்துவச் சோதனைதான். முன்கையில் ஓடும் ஒரு நரம்பு பழுதானால், அந்த இரு விரலின் நுனிக் கணுக்களும் மடங்க மறுக்கும். வட்டம் வராது, கிளியின் அலகுபோல் தட்டையாக ஒட்டும். அந்தச் சோதனை அந்த நரம்பையும் அதன் தசைகளையும் பற்றித்தான் பேசும். கல்லீரலைப் பற்றியோ பசும்பாலைப் பற்றியோ அதனிடம் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கியவர் ஜார்ஜ் குட்ஹார்ட், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் கைரோபிராக்டர், அதாவது முதுகெலும்பையும் மூட்டையும் கையால் அழுத்திச் சீராக்கும் சிகிச்சையாளர். 1964-ல் தோள்பட்டை எலும்பு புடைத்து நின்ற ஓர் இளைஞனின் தசையைத் தேய்த்துவிட்டு, பலம் உடனே திரும்பியது என்று அறிவித்தார். பிறகு ஒவ்வொரு தசையையும் ஓர் உள்ளுறுப்போடும் சீன அக்குபங்சர் நாடியோடும் இணைத்து ‘அப்ளைடு கினீசியாலஜி’ என்று பெயரிட்டார். அவரோடு பணியாற்றிய ஜான் தீ 1973-ல் அதைப் பொதுமக்களுக்கென எளிமைப்படுத்தியதுதான் ‘டச் ஃபார் ஹெல்த்’. நியூயார்க்கில் இருந்த ஜப்பானிய மருத்துவர் யோஷியாக்கி ஒமுரா விரல் வளையத்தைத் தனி முறையாக வளர்த்து, 1993-ல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார். காப்புரிமையைக் காட்டி ‘நிரூபிக்கப்பட்டது’ என்று விளம்பரம் செய்பவர்கள் உண்டு. காப்புரிமை அலுவலகம் பெரிதாகப் பார்ப்பது புதுமையையும் உரிமையையும்தான்; நோயாளிகளை வைத்து அது எதையும் சோதித்துப் பார்ப்பதில்லை.

குட்ஹார்ட்டுக்கு நூறு ஆண்டுக்கு முன்பே இதற்கான விளக்கம் கிடைத்துவிட்டது. பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1833-ல் எழுதிய கடிதத்தில் ஊசல் பற்றிய சோதனையை விவரித்தார். பாதரசத்தின்மேல் நூலில் கட்டிப் பிடித்த ஊசல் தானாக ஆடியது. நடுவே கண்ணாடித் தகடு வைத்தால் ஆட்டம் நின்றது. கண்ணைக் கட்டிக்கொண்டதும், தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியவில்லை. ஆட்டியது அவர் கைதான், அவருக்கே தெரியாமல். பிரிட்டன் உடலியலாளர் வில்லியம் கார்பென்டர் 1852-ல் இதற்கு ‘ஐடியோமோட்டார்’ என்று பெயர் வைத்தார். ஒன்று நடக்கும் என்ற எண்ணமே, நாம் உணராத அளவில் தசையை அசைத்துவிடும் என்பது அதன் பொருள்.

அடுத்த ஆண்டு மைக்கேல் ஃபாரடே செய்த வேலை இன்னும் அழகு. அக்காலத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கையை வைத்தால் ஆவி வந்து மேசையை நகர்த்தும் என்று லண்டனே நம்பிக்கொண்டிருந்தது. ஃபாரடே அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மென்பசையால் ஒட்டி மேசைமேல் வைத்து, அதன்மேல் கையை வைக்கச் சொன்னார். மேசை கையை இழுக்கிறதென்றால் அடி அட்டை முந்தியிருக்க வேண்டும். முந்தியிருந்தது மேல் அட்டை. பிறகு, பக்கவாட்டு அழுத்தத்தைக் காட்டும் ஒரு முள்ளைப் பொருத்தினார். முள் கண்ணுக்குத் தெரியும்படி வைத்ததும் மேசை நகர்வது நின்றுபோனது. கை தள்ளுவதைக் கண் பார்த்துவிட்டால் கை தள்ளுவதில்லை. விரல் வளையத்தில் அப்படி ஒரு முள் கிடையாது.

அதிலும் தன்னையே சோதிக்கும்போது சிக்கல் இரட்டிப்பு. தாங்குவதும் உன் கை, பிரிப்பதும் உன் கை, இரண்டையும் ஆள்வது ஒரே மூளை. ‘இல்லை’ என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தால் போதும், வளையக் கை இம்மியளவு இளகும், பிரிக்கும் கை இம்மியளவு முந்தும். அந்த இரண்டு இம்மியும் சேர்ந்தால் வளையம் பிரிந்துவிடும். மனசாட்சிக்கு விரோதமாக எதுவுமே நடந்திருக்காது.

எதிர்பார்ப்பை விட்டுவிட்டாலும் விரலைக் குழப்புகிறவை நிறைய. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையே போதும், விரல் நுனிகள் வழுக்க. தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு உட்கார்ந்தால் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’தான் வரும். நகம் நீளமாக இருந்தால் சதை படாமல் நகம் படும், பிடிப்பு குறையும். விரல் நுனிகள் சேரும் இடத்துக்கு நேராக விசை கொடுப்பதும் வளையத்தின் பக்கவாட்டில் கொடுப்பதும் ஒன்றில்லை. கோணம் சற்று மாறினாலே விடை மாறும். மெதுவாக விரித்தால் தாங்கும், வெடுக்கென்று விரித்தால் பிரியும். முப்பதாவது கேள்வியில் சுண்டுவிரல் களைத்துப்போயிருக்கும். ‘தண்ணீர் குடிக்காததால் சோதனை மாறிவிட்டது’ என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து மறுபடி செய்யச் சொல்வது வழக்கம். அந்த இரண்டு நிமிட ஓய்வில் விரல் தேறியதைக் கணக்கில் எடுப்பவரைக் காண்பது அரிது.

சாய்வுச் சோதனையின் கதை வேறு. அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதும் உடம்பு கணுக்காலை மையமாக வைத்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. கெண்டைக்கால் தசை ஓயாமல் அதை இழுத்து நிறுத்துகிறது. கண்ணை மூடினால் ஆட்டம் கூடும். புட்டியை நெஞ்சருகே கொண்டுவரும்போது முகவாய் தணிவதும், மூச்சை இழுத்துப் பிடிப்பதும் அந்த ஆட்டத்துக்குத் திசை கொடுக்கும். நீண்ட கால நீரிழிவால் பாத உணர்வு மங்கியவர்களுக்குக் கண்ணை மூடினால் தரை எங்கே என்பதே சரியாகத் தெரியாது. அவர்களை இப்படி நிற்க வைப்பது விழ வைப்பதற்குச் சமம். வயதான அப்பா, அம்மாவிடம் இதைச் செய்து பார்க்கவே கூடாது.

விசையை எண்ணாகப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வழி சொல்லலாம். விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு பசார் மாலாம் இரவுச் சந்தையிலேயே கிடைக்கும். வளையத்துக்குள் ஒரு நாடாவைக் கோத்து, மறு முனையைக் கொக்கியில் மாட்டி, வளையம் பிரியும்வரை இன்னொருவர் சீராக இழுக்கட்டும். தராசு காட்டும் உச்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வியே கேட்காமல் பத்து தடவை இழுத்தாலும் பத்து எண்ணும் ஒன்றாக வராது. அந்த இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள்தான் ‘ஆம்’மும் ‘இல்லை’யும் ஒளிந்துகொள்கின்றன.

உண்மையான சோதனை வேறு, அதற்கு ஒரு மத்தியானம் போதும். கண்ணெதிரே வைத்துச் சோதிக்கும்போது விரல் தெளிவாக வேறு வேறு பதில் சொல்லும் இரண்டு பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீனிக்கு வளையம் பிரிகிறது, உப்புக்குத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் தூள், இரண்டும் வெள்ளை, வசதி. ஒவ்வொன்றையும் 5 கிராம் நிறுத்து, பூட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஓர் அட்டைத் துண்டோடு பழுப்பு உறைக்குள் வைத்து ஒட்டிவிட வேண்டும். எடையும் தடிமனும் ஒத்திருக்க வேண்டும், குலுக்கினால் சத்தத்தில் பிடிபடக் கூடாது. உப்பு ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும் என்பதால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

இப்படி 20 உறை. எதில் எது என்பதை ஒவ்வோர் உறைக்கும் காசு சுண்டித் தீர்மானிக்க வேண்டும். பத்துக்குப் பத்து என்று பிரித்துவைத்தால், சோதிப்பவர் கடைசி உறைகளை எண்ணியே ஊகித்துவிடுவார். உறையை நிரப்பியவர் எண்ணிட்டு, விடைத்தாளை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட வேண்டும். உள்ளே இருப்பதை அறியாத இரண்டாமவர் உறையை நீட்ட வேண்டும். இந்த ஒரு படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். பெர்லினில் கணக்குப் போட்டுக் காட்டிய ‘புத்திசாலி ஹான்ஸ்’ என்ற குதிரையை 1907-ல் ஆஸ்கர் ப்ஃபுங்ஸ்ட் ஆராய்ந்தபோது, கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை என்று கண்டார். எதிரில் நிற்பவரின் தலை ஒரு நூலளவு நிமிர்வதைக் குதிரை பார்த்துக் குளம்பு தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. குதிரைக்குப் பிடிபட்ட குறிப்பு மனுஷனுக்குப் பிடிபடாதா?

பதிலை எழுதிய பிறகே அடுத்த உறை. ‘இதை விட்டுவிடலாம், ஆற்றல் தெளிவாக இல்லை’ என்பதற்கும், இரண்டாம் முறை விரித்துப் பார்ப்பதற்கும் இடமில்லை. 20-ல் 10 சரி என்றால் காசு சுண்டியதற்குச் சமம். 12 வந்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம். வெறும் குருட்டு அதிர்ஷ்டத்திலேயே நான்கில் ஒரு தடவை 12 அல்லது அதற்கு மேல் வரும். 15-ஐத் தொட்டால்தான் நூற்றுக்கு இரண்டு தடவை மட்டுமே தற்செயலாக நடக்கக்கூடியது நடந்திருக்கிறது, மறுநாள் புதிய உறைகளோடு திரும்பச் செய்து பார்க்கலாம்.

ஆய்வாளர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். 1988-ல் அமெரிக்காவில் அனுபவமிக்க மூன்று கினீசியாலஜிஸ்டுகள் 11 பேரைத் தனித்தனியே சோதித்து, தயமின், துத்தநாகம், வைட்டமின் ஏ, வைட்டமின் சி நிலையைச் சொன்னார்கள். மூவரின் முடிவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, ஆய்வகப் பரிசோதனையோடும் ஒத்துப்போகவில்லை. 2014-ல் வெளியான இன்னோர் ஆய்வில், ஒரு குப்பியில் நச்சுக் கரைசல், ஒன்றில் உப்புநீர். யாருக்கும் எது எதுவென்று தெரியாது. 151 தடவையில் 80 தடவை நச்சைச் சரியாகச் சொன்னார்கள், அதாவது 53 சதவீதம். மாற்று மருத்துவத்தின்மேல் பரிவுள்ள ஓர் இதழில் வந்த முடிவு இது.

எதிர்த்தரப்பில் காட்டப்படும் ஆய்வும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2016-ல் வந்த சோதனையில், ஒருவர் சொன்னது உண்மையா பொய்யா என்பதைக் கையை அழுத்திப் பார்த்தே ஏறத்தாழ 66 சதவீதம் கண்டுபிடித்தார்கள். வெறும் ஊகத்தில் அது 47. இதில் ஏதோ இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அங்கே கை நீட்டியவருக்கே தாம் பொய் சொல்கிறோம் என்பது தெரியும். தெரிந்தது தசையில் இறங்குகிறது என்று கார்பென்டர் சொன்னதோடு அது முரண்படவில்லை. உறைக்குள் இருப்பது யாருக்கும் தெரியாதபோதுதான் எண்ணிக்கை காசு சுண்டும் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் ரே ஹைமன் எழுதிய ஒரு நிகழ்வில், குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் மறைத்துக் கொடுத்த சோதனையில் தோற்றுப்போன கைரோபிராக்டர், ‘அதனால்தான் நாங்கள் மறைத்துச் சோதிப்பதையே விட்டுவிட்டோம், அது ஒருபோதும் வேலை செய்வதில்லை’ என்றாராம்.

இரண்டு சேலையில் எதை எடுப்பது என்று விரலைக் கேட்பவரிடம் சண்டை போட ஒன்றுமில்லை. தன் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அது நன்றாகவே காட்டும், அதற்கு அது பொருத்தமான கருவிகூட. “இந்த மாத்திரை அரை போதுமா?” என்று கேட்கும்போதுதான் வினை. மாத்திரை விழுங்கி அலுத்துப்போன மனம் ‘போதும்’ என்றுதான் சொல்லும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 சதவீதம். விரல் வளையத்தை நம்பி மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையைக் குறைத்தால் அன்றைக்கே எதுவும் தெரியாது. அதுதான் ஆபத்து, சோதனை ‘சரியாக’ இருந்ததுபோலவே தோன்றும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். விரல் நுனியைக் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் நம் எதிர்பார்ப்பைக் கேட்டுக்கொண்டு எண்ணைச் சொல்வதில்லை.

உணவு ஒவ்வாமையிலும் இதே கதை. பிள்ளைக்குப் பால், முட்டை, கோதுமை மூன்றும் ஆகாது என்று ஒரே உட்காரலில் வளையம் சொல்லிவிடும், வளரும் பிள்ளையின் தட்டு காலியாகிவிடும். தோலில் குத்திப் பார்ப்பது, ரத்தத்தில் ஒவ்வாமையைக் காட்டும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை அளப்பது, மருத்துவர் மேற்பார்வையில் அந்த உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பது ஆகியவைதான் இதற்கான வழிகள். பிள்ளைகளின் உணவு ஒவ்வாமையைக் கண்டறிய அப்ளைடு கினீசியாலஜியைப் பயன்படுத்தவே கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-ல் எழுதிவைத்தது. இங்கே பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு பார்க்கிறார்கள். சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவது அது; பூச்சி உருண்டை பட்டால் அந்த அணுக்கள் சிதையக்கூடும். அந்தக் குறைபாடுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் பூச்சி உருண்டை வைக்கலாமா என்பதை விரலிடம் கேட்டுத் தீர்மானிக்க யாருக்காவது துணிவு வருமா?

மலேசியச் சட்டத்தில் இதற்கு என்ன இடம்? பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் 2016 ஏழு துறைகளை அங்கீகரிக்கிறது: மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவம். சித்தாவும் ஆயுர்வேதமும் இந்தியப் பிரிவுக்குள் வரும். கினீசியாலஜிக்கு அதில் தனி இடம் கிடையாது. வார இறுதி வகுப்பில் ஃபிரேம் போட்டுக் கொடுக்கும் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் ஆகும், பதிவு பெற்ற மருத்துவர் என்ற தகுதியை அது தராது. நீரிழிவு, புற்றுநோய், ரத்த அழுத்தம் உட்பட இருபது நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டமே தடை செய்திருக்கிறது. மருந்து என்றோ பாரம்பரிய மருந்து என்றோ சொல்லி விற்கும் புட்டியில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும், முடிவில் ஓர் எழுத்தும் இருக்க வேண்டும். சத்துமாத்திரைக்கு ‘என்’ (N), பாரம்பரிய மருந்துக்கு ‘டி’ (T). அந்த எண்ணைச் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் தளத்தில் தட்டிப் பார்த்தால் பொருளின் பெயர் வர வேண்டும். வேறு பெயர் வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ, உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் புட்டியைக் கீழே வைத்துவிடலாம்.

வகுப்புக்குக் காசு கட்டும் முன் ஆசிரியரிடம் கேட்க ஒரு கேள்வி போதும். இருபது உறையை நாங்களே ஒட்டிக் கொண்டுவந்தால் செய்து காட்டுவீர்களா? ‘சந்தேகத்தோடு சோதித்தால் ஆற்றல் தடைபடும்’ என்பது வழக்கமாக வரும் பதில். அப்படியானால் உறைகளை ஒட்டும் வேலையை அவரையே முழுதாக நம்பும் மாணவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, விடைத்தாளை மட்டும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.